வண்டி பேச வேண்டும்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் தொலைபேசியில் அழைத்து, "உங்கள் தொழிலைப் பற்றி இருபது நிமிடம் பேசுங்கள்" என்றபோது கொஞ்சம் தயங்கினேன். இந்த மேடையில் மருத்துவர்கள் பேசியிருக்கிறார்கள், சட்டத்தரணிகள் பேசியிருக்கிறார்கள். நான் செய்வது கணினி விளையாட்டு. அதிலும் வாகனம் ஓட்டும் விளையாட்டு. நாங்கள் படித்த காலத்தில் இப்படி ஒன்றைப் புத்தகப்பைக்குள் வைத்திருந்தால், தவணை முடியும்வரை அது அதிபரின் அலுமாரியில்தான் இருந்திருக்கும்.

என் வேலையை ஒரு வரியில் சொல்லிவிடலாம். நீங்கள் திரைக்கு முன்னால் அமர்ந்து ஸ்டியரிங்கைத் திருப்பும்போது வண்டி எப்படித் திரும்ப வேண்டும், பிரேக்கை மிதிக்கும்போது எப்படி நிற்க வேண்டும் என்று தீர்மானிப்பது. அது நிஜ வண்டி போலவே இருக்க வேண்டும். இந்தப் "போலவே" என்ற ஒரு சொல்லுக்காகத்தான் பதினெட்டு வருடமாக எனக்குச் சம்பளம் தருகிறார்கள்.

நாங்கள் கண்டிப் பிள்ளைகள். சுற்றுலா என்றால் கொழும்பு. கொழும்பு என்றால் கடுகண்ணாவை இறக்கம். பாறையைக் குடைந்த அந்த வழியைத் தாண்டும் முன்பே ஆளுக்கொரு தேசிக்காய் கைக்கு வந்துவிடும். பின்வரிசையில் இருந்தவர்களுக்கு என்ன நடந்தது என்று இந்தச் சபையில் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்தத் தலைச்சுற்றலில் ஒரு பாடம் இருக்கிறது. கண்ணை இறுக மூடிக்கொண்டாலும் பஸ் எந்தப் பக்கம் திரும்புகிறது, எப்போது பிரேக் பிடிக்கிறது என்று உடம்புக்குத் தெரியும். உள்காது சொல்கிறது, முதுகு சொல்கிறது, இருக்கை சொல்கிறது. வண்டி ஓட்டுபவரும் பாதி வண்டியை உடம்பால்தான் ஓட்டுகிறார்.

வீட்டில் கதிரையில் இருந்து விளையாடுபவருக்கு இவை எதுவும் இல்லை. கதிரை அசைவதில்லை. அவருக்கு இருப்பவை இரண்டு கண்கள், இரண்டு காதுகள், ஸ்டியரிங்கைப் பிடித்த இரண்டு உள்ளங்கைகள். உடம்பு முழுவதும் அறிய வேண்டியதை இந்த மூன்று வழியாக மட்டும் அனுப்ப வேண்டும். எங்கள் தொழிலின் கஷ்டம் இதுதான்.

இனி வண்டிக்குள் போவோம். ஒரு காரை வீதியோடு சேர்த்து வைத்திருப்பது எது? நான்கு டயர்கள். ஒவ்வொரு டயரும் வீதியைத் தொடும் இடம் உங்கள் உள்ளங்கை அளவுதான். கார் திரும்புவதும் நிற்பதும் அந்த நான்கு உள்ளங்கைகளின் தயவில்தான். டயர் இறப்பர், இறப்பர் வளையும். நீங்கள் ஸ்டியரிங்கைத் திருப்பினால் சக்கரம் ஒரு திசையைப் பார்க்கிறது, வண்டி அதிலிருந்து சில பாகை விலகிய திசையில் போகிறது. அழிறப்பரை மேசையில் அழுத்திப் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். முதலில் முறுகும், முறுகியபடி எதிர்த்துப் பிடிக்கும், ஓர் அளவைத் தாண்டினால் வழுக்கிவிடும். டயரும் அப்படித்தான். விலகல் கூடக் கூடப் பிடிப்பும் கூடும், சில பாகைகளில் உச்சத்துக்குப் போகும், பிறகு மெல்ல இறங்கும்.

இந்த ஏற்ற இறக்கத்தைக் கணினிக்கு எப்படிச் சொல்வது? நெதர்லாந்தின் டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஹான்ஸ் பசேக்கா என்ற பேராசிரியர் இருந்தார். அவரும் வொல்வோ நிறுவனத்துப் பொறியியலாளர்களும் சேர்ந்து 1987 இல் ஒரு சூத்திரத்தை வெளியிட்டார்கள். அதற்கு "மாயச் சூத்திரம்" என்றே பெயர் நிலைத்துவிட்டது. டயருக்குள் என்ன நடக்கிறது என்று அது விளக்குவதில்லை. உண்மையான டயரை இயந்திரத்தில் ஓட்டி அளந்து வரைந்த வளைகோட்டின் மேல் கச்சிதமாகப் பொருந்துகிறது, அவ்வளவுதான். அதனால்தான் மாயம்.

தோழிகளே, அந்தச் சூத்திரத்தின் உள்ளே என்ன இருக்கிறது தெரியுமா? சைன். அதற்குள்ளே டான் நேர்மாறு. எங்கள் இணைந்த கணித ஆசிரியை கரும்பலகையில் வரைந்து காட்டிய அதே வரைபுகள். "இதெல்லாம் எதுக்கு மிஸ் வரப்போகுது?" என்று அன்று கேட்டவள் நான்தான். மிஸ் முன்வரிசையில் இருக்கிறார். முப்பது வருடம் பிந்தி இந்த மேடையில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்தது பாரம். தண்ணீர் நிறைந்த வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்து, சட்டென்று நின்றால் தண்ணீர் முன்னால் பாயும். பிரேக் பிடித்தால் வண்டியின் பாரமும் முன்சக்கரங்களுக்குப் போகிறது. வளைவில் வெளிப்பக்கச் சக்கரங்களுக்குப் போகிறது. பாரம் கூடிய டயருக்குப் பிடிப்பும் கூடும். ஆனால் பாரம் இரட்டித்தால் பிடிப்பு இரட்டிப்பதில்லை. கொஞ்சம் குறைவாகத்தான் கூடும். ஒரு பக்கம் இழந்தது மறுபக்கம் முழுதாகத் திரும்பி வராது. இந்தச் சிறு நட்டத்தைக் கணக்கில் எடுக்காத விளையாட்டில் வண்டி தண்டவாளத்தில் ஓடுவது போல ஓடும். பார்க்க அழகாக இருக்கும்; ஓட்டுபவருக்குச் சலிப்புத் தட்டும்.

மூன்றாவது, எங்கள் பெண்களுக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லாத விஷயம். ஒரு டயரின் பிடிப்பு மாதச் சம்பளம் போன்றது. பிரேக்குக்குக் கொடுத்தது போக மிஞ்சியதைத்தான் திருப்பத்துக்குக் கொடுக்கலாம். முழுச் சம்பளத்தையும் பிரேக்கில் செலவழித்துவிட்டு ஸ்டியரிங்கைத் திருப்பினால் வண்டி நேராகப் போய் மதிலில்தான் நிற்கும். ஆகவே வளைவுக்கு முன்னரே வேகத்தைக் குறை, வளைவுக்குள் பிரேக்கை விடு என்று பழைய சாரதிகள் சொன்னார்கள். அவர்கள் வரவு செலவு தெரிந்தவர்கள்.

இதெல்லாம் விநாடிக்குப் பல நூறு தடவை கணக்கிடப்பட வேண்டும். திரை விநாடிக்கு 60 படம் காட்டினால் கண்ணுக்குப் போதும், கைக்குப் போதாது. அசெட்டோ கோர்சா என்ற இத்தாலிய விளையாட்டு விநாடிக்கு 333 தடவை வண்டியின் நிலையைக் கணக்கிடுகிறது. கை அவ்வளவு நுட்பமானது. சோறு வெந்துவிட்டதா என்று கண்ணால் பார்ப்பவர் யார்? ஒரு பருக்கையை எடுத்து விரலால் நசுக்கித்தானே பார்க்கிறோம்.

இந்த முயற்சி இன்று நேற்றுத் தொடங்கியதல்ல. 1989 இல் அற்றாரி கேம்ஸ் நிறுவனம் "ஹார்ட் டிரைவின்" என்ற விளையாட்டை வெளியிட்டது. அதில் கிளட்ச் இருந்தது, கியர் இருந்தது, திறப்புப் போட்டுத் திருப்பினால்தான் எஞ்சின் இயங்கும், ஸ்டியரிங் கையை எதிர்த்துத் தள்ளும். பந்தயக் கார்களின் இயக்கவியலில் பெயர்பெற்ற டக் மில்லிகன் அதற்கு ஆலோசனை சொன்னார். 1997 இல் ஜப்பானில் "கிரான் டூரிஸ்மோ" வந்தது. பின்னர் அதன் விளையாட்டுக்காரர்களிலிருந்தே பந்தய ஓட்டுநர்களைத் தேர்ந்தெடுக்கும் ஒரு திட்டம் தொடங்கியது. 2011 இல் அதில் வென்ற ஜான் மார்டன்பரோ என்ற இளைஞர், 2013 இல் பிரான்சின் லே மான்ஸ் 24 மணி நேரப் போட்டியில் உண்மையான பந்தயக் காரில் ஓட்டினார்.

இந்தச் செய்தி எங்கள் தொழிலுக்குப் பெருமை. எனக்கு அது ஒரு பயத்தையும் தந்தது. திரையில் கற்ற நல்லது வீதிக்குப் போகுமானால், திரையில் கற்ற பொய்யும் வீதிக்குப் போகும் அல்லவா? இந்தப் பயம் எனக்கு எப்படி வந்தது என்பதைத்தான் உண்மையில் சொல்ல வந்தேன்.

என் அப்பா லொறிச் சாரதி. கண்டியிலிருந்து மகியங்கனைக்குச் சீமெந்து ஏற்றிப் போவார். அங்கிருந்து நெல் ஏற்றி வருவார். ஹுன்னஸ்கிரியைத் தாண்டி, உடுதும்பறைக்கு அப்பால், பதினெட்டு வளைவில் முழுப் பாரத்தோடு இறங்குவார். எனக்கு அந்தப் பாதை தெரிந்தது பாடசாலை விடுமுறைகளில் லொறியின் முன்னிருக்கையில் இருந்து. அண்ணாவுக்கு வயது வந்ததும் ஸ்டியரிங் கொடுத்தார். எனக்குக் கொடுக்கவில்லை. கேட்டேன். "நீ படிக்கிற புள்ள" என்றார். அதற்குமேல் பேச்சில்லை. நான் முதன்முதலாக வண்டி ஓட்டியது 31 வயதில், இங்கிலாந்தில்.

சில வருடங்களுக்கு முன் எங்கள் குழு பாரவண்டி ஓட்டும் விளையாட்டு ஒன்றைச் செய்துகொண்டிருந்தது. சோதித்துப் பார்க்க ஒரு மலைப்பாதை தேவைப்பட்டது. எனக்குத் தெரிந்த மலைப்பாதை ஒன்றுதான். இரவிரவாக உட்கார்ந்து பதினெட்டு வளைவையும் கணினியில் கட்டினேன். அப்போது அப்பா எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். குளிருக்கு மூன்று சுவெட்டர் போட்டுக்கொண்டு ஸ்டியரிங்கின் முன்னால் அமர்ந்தார். எனக்குச் சின்னப் பிள்ளை மாதிரி நெஞ்சு அடித்துக்கொண்டது.

மூன்றாவது வளைவில் பள்ளத்துக்குள் போனார். மறுபடி ஓட்டினார், மறுபடி அதே இடம். நாற்பது வருடம் ஒரு கீறல் இல்லாமல் அந்தப் பாதையில் இறங்கிய மனிதர்.

"என்னம்மா இது? வண்டி வாயே தெறக்கலையே" என்றார்.

"என்ன சொல்லணும் அப்பா?"

"விடப்போகுதுன்னா முன்னாடியே சொல்லணும். கையில சொல்லும். இது ஒண்ணும் சொல்லாம திடீர்னு விட்டுடுதே."

அவர் சொன்னதற்கு எங்கள் பாடத்தில் பெயர் உண்டு. திரும்பிய சக்கரம் தானாக நேராகப் பார்க்கும். அந்த இழுவையைத்தான் கை பாரமாக உணர்கிறது. டயரின் பிடிப்பு உச்சத்துக்குப் போவதற்குச் சற்று முன்னரே இந்த இழுவை குறையத் தொடங்கிவிடும். அதாவது வழுக்கப்போகும் முன் ஸ்டியரிங் இலேசாகும். அதுதான் வண்டியின் பேச்சு. எங்கள் கணக்கில் அது சரியாகத்தான் இருந்தது. பிறகு ஏன் அப்பாவின் கைக்கு வரவில்லை?

தேடிப் பார்த்தேன். பாரவண்டி என்பதால் ஸ்டியரிங் "கனமாக" இருக்க வேண்டும் என்று விசையை உயர்த்தி வைத்திருந்தோம். விளையாட்டு ஸ்டியரிங்கின் மோட்டாருக்கு ஓர் உச்ச வலுதான் உண்டு. அதைத் தொட்டுவிட்டால் அதற்குமேல் வரும் ஏற்ற இறக்கம் எல்லாம் ஒரே அளவாகிவிடும். கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கியை முழுச் சத்தத்தில் வைத்தால் பாட்டு எது, அறிவித்தல் எது என்று விளங்காது அல்லவா, அதே கதை. அது போதாதென்று, நடுக்கம் தெரியாமலிருக்க விசையை மெழுகி வழவழப்பாக்கியிருந்தோம். அதனால் செய்தி பிந்தியும் வந்தது. வண்டி பேசியது. நாங்கள்தான் வாயைப் பொத்தியிருந்தோம்.

விசையைக் குறைத்தேன். மெழுகியதைக் கழற்றினேன். பார்ப்பதற்குக் கனம் குறைந்தது. ஆனால் செய்தி வந்தது. அப்பா மூன்றாவது வளைவைத் தாண்டினார். நான்கு, ஐந்து, ஆறு. பத்தாவது வளைவில் வண்டியை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நாலாவது கியர்ல பிரேக்கை மட்டும் மிதிச்சுக்கிட்டே வந்தேன், வேணும்னே. இன்னும் பிரேக் பிடிக்குதே. இது நல்லதில்ல புள்ள."

பிரேக் சூடாகிப் பிடிப்பை இழப்பதை நாங்கள் கணக்கில் சேர்க்கவில்லை. மறந்துபோய் விட்டதல்ல. விளையாடுபவர்களுக்கு எரிச்சலூட்டும் என்று வேண்டாமென்று முடிவெடுத்திருந்தோம். அந்த முடிவுக்குக் கையெழுத்து வைத்தவள் நான். பதினெட்டு வளைவில் லொறியில் இருந்து வளர்ந்த நான்.

கணக்கைப் பாருங்கள். 10 தொன் எடையுள்ள லொறி 100 மீற்றர் உயரம் கீழிறங்கினால், அந்தச் சக்தி சுமார் 30 லீற்றர் பச்சைத்தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். எஞ்சின் தடுத்துப் பிடிக்காவிட்டால் அவ்வளவு சூடும் பிரேக் டிரம்முக்குள்தான் போக வேண்டும். டிரம் விரியும், லைனர் கருகும், மிதி கீழே போகும், வண்டி நிற்காது. ஏறும்போது போட்ட கியரிலேயே இறங்கு என்று சாரதிகள் சொல்வதன் காரணம் அதுதான்.

அப்பாவின் கூட்டாளி ஒருவர் அந்த இறக்கத்தில் அப்படித்தான் போனார். கிளீனர் பொடியன் குதித்துத் தப்பினான். எனக்கு அப்போது பதினொரு வயது. அந்த வீட்டுக்கு அம்மா பல நாள் சோறு கொண்டுபோனது நினைவிருக்கிறது. இதெல்லாம் தெரிந்த நான், என்றைக்கும் களைக்காத ஒரு பிரேக்கைச் செய்து, உலகம் முழுவதும் உள்ள பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கு "இப்படியும் மலை இறங்கலாம்" என்று சொல்லிக் கொடுக்கப் பார்த்தேன்.

அலுவலகத்தில் வாதாட வேண்டியிருந்தது. ஒரு மாதத்துக்குமேல் பிந்தியது. "பிரேக்குக்கு முன்னாடி மூக்குக்குத் தெரியும், லைனர் கருகுற வாடை வரும்" என்றார் அப்பா. வாடையை நாங்கள் எங்கே கொடுப்பது? அதற்குப் பதிலாக, அதே மிதிக்கு வண்டி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவாக நிற்கும்படி செய்தோம். சத்தம் மாறச் செய்தோம். பக்கக் கண்ணாடியில் சக்கரத்தருகே மெல்லிய புகை தெரியச் செய்தோம். பிரேக் போகட்டும், ஆனால் சொல்லாமல் போகக்கூடாது.

சோதனையாளர் ஒருவர் பிழைப் பட்டியலில் எழுதினார்: "ஏழாவது வளைவுக்குப் பிறகு பிரேக் வேலை செய்யவில்லை. திருத்தவும்." நான் பதில் எழுதினேன்: "இது பிழையல்ல. நீங்கள் நாலாவது கியரில் வருகிறீர்கள்."

கஷ்டமாக இருந்தால்தான் நிஜம் என்று எங்கள் துறையிலேயே பலர் நினைக்கிறார்கள். ஓட்டவே முடியாத வண்டியைச் செய்துவிட்டு, இது உண்மைக்கு மிக நெருக்கம் என்பார்கள். நல்ல லொறி ஓட்டுவதற்குக் கஷ்டமானதல்ல. அது தன் எல்லையைத் தாண்டும் முன் சொல்லிவிடும். கேட்கத் தெரிந்தவர் பிழைத்துக்கொள்வார். அந்த எச்சரிக்கை மறையாமலும் பிந்தாமலும் கைக்குப் போய்ச் சேர வேண்டும். நிஜம் போல என்று நான் சொல்வது இதைத்தான். ஆசிரியர்களுக்கு இது புதிதாக இராது. அவர்களும் பரீட்சைக்கு முன்னரே சொன்னார்கள். நாங்கள்தான் பெறுபேறு வந்த பிறகு கேட்டோம்.

இந்தமுறை விழாவுக்கு வந்தபோது ஒரு வாடகைக் கார் எடுத்து, அப்பாவை மகியங்கனைக்குக் கூட்டிப்போனேன். நான் ஓட்டினேன், அவர் பக்கத்தில் இருந்தார். எங்கள் இடம் மாறியது அன்றுதான் முதல் தடவை. உச்சியில் இருந்து கீழே வரும்வரை அவர் பேசியது ஒரே ஒரு வசனம்: "ரெண்டுக்கு மாத்து." மாற்றினேன். கீழே வந்து தேத்தண்ணீர்க் கடையில் நிறுத்தியதும், மெதுவாக இறங்கிப் போய்க் குனிந்து, முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் உள்ளங்கையைப் பிடித்துப் பார்த்தார்.

"சூடில்ல" என்றார். பிறகு தேத்தண்ணீருக்குச் சொன்னார்.

எனக்குக் கிடைத்த சான்றிதழ்களில் அதை மட்டும் சுவரில் மாட்ட முடியாது.

மாணவச் செல்வங்களே, எங்கள் துறையில் பெண்கள் இன்னும் குறைவு. தமிழ் பேசும் பெண்கள் மிகவும் குறைவு. கணிதப் பிரிவில் படிக்கும் பிள்ளைகளுக்கு மாதம் ஒரு சனிக்கிழமை இணையவழியாகப் பாடம் எடுக்க நான் தயார். செயலாளரிடம் இன்றே பெயர் கொடுங்கள். டயரின் வளைகோட்டையும் சேர்த்துச் சொல்லித் தருகிறேன். வெளிநாடுகளில் இருந்து இந்த மலரை வாசிக்கும் தோழிகளுக்கும் அதே வேண்டுகோள்: உங்கள் தொழில் எதுவானாலும் மாதத்தில் ஒரு மணி நேரத்தை இந்தப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். பதினேழு வயதில் ஸ்டியரிங்கைக் கேட்கும் பெண்பிள்ளைக்கு அதைக் கொடுக்க ஒருவர் இருக்கட்டும்.

நூறு வயதான நம் கல்லூரித் தாய்க்கு என் வணக்கம்.